சங்கு மூடிக்கொண்டால் முதலில் வீட்டைப் பாருங்கள்: மலையகத்துத் தொட்டியில் ஊன் தின்னும் கடற்சங்குகள், அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. முன் காம்பராவில் 120 லீற்றர் கடல்நீர்த் தொட்டி. அதில் இரண்டு முள் சங்கு, ஒரு நிலாச் சங்கு. மூன்றும் கல்குடாவில் மீன் வலையில் சிக்கி வந்தவை. மச்சான் கொண்டுவந்து தந்தார். பாசி மேயும் சாதி இல்லை இவை, மட்டியைத் துளைத்துத் தின்பவை.

கடற்கரையில் இருப்பவர்கள் சொல்லும் முறையை அப்படியே வைத்து இங்கே தொட்டி நடத்த முடியாது. இவற்றுக்கு முன் வந்த மூன்று சங்குகளைச் சாகக் கொடுத்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. அங்கே இல்லாத குளிர் இங்கே இருக்கிறது. காற்று மெலிந்தது. ஜன்னலை எந்நேரமும் சாத்தி வைக்கிறோம். தேயிலைக்கு மருந்து அடிக்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு கோளாறு தெரிந்தால் சங்கை எடுத்துப் புரட்டிப் பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டைப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: வெப்பமானி, உப்பளவு பார்க்கும் கருவி, அமோனியா, பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு), செம்பு ஆகிய மூன்றுக்கும் சோதனைப் பெட்டி. நல்ல தொட்டியில் வெப்பம் 25 முதல் 27 பாகை, நீரின் அடர்த்தி 1.025 அளவில், பி.எச். 8.0 முதல் 8.3, அமோனியா சுத்தமாக இல்லை என்று காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: தொட்டியில் இருப்பது கூம்புச் சங்கா?

ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் ஐஸ்கிறீம் கோன் போலக் குறுகி, வாய் ஓட்டின் நீளத்துக்கு ஒரு கீறலாக ஓடினால் அது கோனஸ் எனப்படும் கூம்புச் சங்கு. வலை போலவும் மேகம் போலவும் கோலமிட்ட அழகான ஓடு. கடற்கரையில் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

இதை வீட்டில் வைக்க வேண்டாம். எத்தனை அனுபவம் இருந்தாலும் வேண்டாம் என்பேன். இதன் பல் உள்ளே துளையுள்ள சிறிய ஈட்டி. நீளும் மூக்கின் நுனியிலிருந்து அதைப் பாய்ச்சும். ஓட்டின் அகன்ற பக்கத்தைப் பிடித்தால் எட்டாது என்ற பேச்சை நம்பாதீர்கள், மூக்கு வளைந்து வரும். கையுறையையும் நம்ப முடியாது. மீன் தின்னும் ஜியோகிராஃபஸ் என்ற இனம் மனிதரைக் கொன்றிருக்கிறது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழந்தால், நஞ்சு இறங்கும்வரை இயந்திரத்தால் மூச்சு கொடுத்துக் காப்பாற்றுவார்கள். தோட்டத்துக் கல் பாதையில் இறங்கி பெரியாஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாமல் வந்துவிட்டது என்றால் நீண்ட இடுக்கியால் எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் வாளியில் தனியே போடுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். குத்திவிட்டால் ஆளைப் படுக்க வைத்து, கையை அல்லது காலை அசையவிடாமல் அகலத் துணியால் இறுக்கிச் சுற்றி, உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வலி இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம்.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஹிக்கடுவைக் கடலும் புறாத்தீவும் தேசியப் பூங்காக்கள், அங்கிருந்து ஒரு வெறும் ஓட்டைக்கூட எடுத்து வரக்கூடாது. மற்ற இடமானாலும், என்ன இனம் என்று சொல்லிக் கடற்றொழில் அலுவலகத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்திலும் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

வந்ததிலிருந்து மூடிக்கொண்டே இருக்கிறது

முதல் இரண்டு நாள் இது கோளாறே இல்லை. கடலிலிருந்து மலை ஏறி வந்த உயிர், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கத்தான் செய்யும். இவை இரவில் நடமாடுபவை. சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச்சை வைத்து இரவு பத்து மணிக்குப் பிறகு பாருங்கள். நிலாச் சங்கு மணலுக்குள் முழுதாகப் புதைந்து கிடக்கும். அதற்கு எட்டு பத்து சென்ரிமீற்றர் மணல் வேண்டும். மணலில் ஒரு மேடு மெல்ல நகர்ந்தால் சங்கு நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாளும் அசைவில்லை என்றால் மூக்கைத்தான் நம்ப வேண்டும். சங்கை நீருக்கு மேலே எடுத்து முகர்ந்து பாருங்கள். உயிருள்ள சங்கில் கடல் வாசம் வரும். செத்த சங்கின் நாற்றத்தில் சந்தேகத்துக்கே இடமிருக்காது. ஓட்டின் வாயை அடைக்கும் மூடியை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் உயிருள்ளது இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உயிர் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் உப்பைப் பாருங்கள். இங்கே ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. மூடுபனியும் மழையுமான ஊரில் தொட்டி நீர் எங்கே ஆவியாகப் போகிறது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 26 பாகையில் இருக்கும் நீர் 15 பாகைக் காற்றைத் தொடும்போது கடற்கரை வீட்டைவிட வேகமாக ஆவியாகிறது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிந்து நிற்பது தொட்டி நீர்தான். நீர் போகும், உப்பு போகாது. ஒரு வாரம் கவனிக்காவிட்டால் அடர்த்தி 1.030ஐத் தொட்டுவிடும். தொட்டியின் வெளிப்பக்கத்தில் பேனையால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை உப்பில்லாத சுத்தமான நீரை விடுங்கள். ஏறிவிட்ட உப்பை ஒரே நாளில் இறக்காதீர்கள், இரண்டு மூன்று நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு என்றதும் இன்னொன்று. ஆனையிறவு உப்போ புத்தளம் உப்போ சமையலுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தொட்டிக்கு உதவாது. உப்பளத்தில் கல்லுப்பு உறையும்போது கடலின் கல்சியத்திலும் மக்னீசியத்திலும் பெரும்பகுதி விலகிப்போகிறது. ஒன்றில் கடல்நீரையே கேனில் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவை வாங்க வேண்டும்.

பயணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மச்சான் முதன்முதலில் பொலித்தீன் பையில் நீரும் காற்றும் நிரப்பிக் கட்டிக்கொண்டு வந்தார். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறும்போது அங்கிருந்தே கோல் எடுத்தார். "மச்சான், பை உப்பிப்போய் வெடிக்கப் போகுது!" மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் கட்டிய பை வீங்கும், நுவரெலியாவில் முறுக்குப் பக்கற் உப்பி நிற்பது போலத்தான். முடிச்சைத் தளர்த்தச் சொன்னேன். இப்போது பையே இல்லை. கடல்நீரில் நனைத்த துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி ரிஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார். வாய் மூடியுள்ள முள் சங்குகள் இந்தப் பயணத்தை நன்றாகத் தாங்குகின்றன.

வந்ததும் வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் நம் வீட்டுக் குளிரில் வாளி நீர் பல பாகை இறங்கிவிடலாம். பிறகு அந்தச் சங்கைச் சூடான தொட்டியில் போட்டால் அதிர்ந்து மூடிக்கொள்ளும். வாளியை வெதுவெதுப்பான நீர் உள்ள பேசினுக்குள் வைத்துக்கொண்டு சொட்டு விடுங்கள்.

நீர்மட்டத்துக்கு ஏறி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது

இதை நான் மிகவும் கவனமாகப் பார்ப்பேன். அலை அடிக்கும் பாறையில் வாழும், மட்டியைத் துளைக்கும் சிறிய சங்குகளுக்கு நீருக்கு மேலே ஏறுவது பழக்கம், அவற்றை விட்டுவிடுங்கள். ஆழத்தில் வாழும் முள் சங்கும் மணலில் வாழும் நிலாச் சங்கும் ஏறினால் மூச்சு முட்டுகிறது என்றுதான் அர்த்தம்.

காரணம் மலையிலேயே இருக்கிறது. கடற்கரையில் 26 பாகைக் கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். ஹட்டன் உயரத்தில் அது 5.7 அளவுக்கு இறங்கும். 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் 5.3 அளவுதான். குளிர்ந்த நீர் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் நாம்தான் ஹீற்றர் போட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறோமே. மலைநாட்டுக் காற்றழுத்தத்தில் வெப்பக் கடல் நீர்: மலையகத் தொட்டியின் அடிப்படைச் சங்கடம் அதுதான்.

செய்ய வேண்டியது எளிது. நீரின் மேற்பரப்பு எப்போதும் குலுங்க வேண்டும். பில்டரின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்புங்கள். காற்றுப் பம்பு ஒன்று போதும் என்று கடற்கரையில் சொன்னால் இங்கே இரண்டு போடுங்கள். தொட்டியை முழுதாக மூடும் கண்ணாடியை ஒரு பக்கம் திறந்து வையுங்கள், ஆனால் வலை போட்டு. இவை இரவில் வெளியே ஏறி விழுந்துவிடும். வெப்பத்தை 28க்கு ஏற்றாமல் 25இல் நிறுத்துங்கள். அந்த மூன்று பாகையும் ஒட்சிசனுக்கு உதவும், கரண்ட் பில்லுக்கும் உதவும். அப்புறம், தொட்டியில் ஆட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இவ்வளவு செய்தும் இறங்கவில்லை என்றால் அமோனியாவைச் சோதியுங்கள். ஏதோ ஒன்று மணலுக்குள் செத்துக் கிடக்கலாம்.

மல்லாந்து கிடக்கிறது, கால் தளர்ந்து வெளியே தொங்குகிறது

வழுக்கி விழுந்த சங்கு காலை நீட்டி, மணலைப் பிடித்து, தானே புரண்டுவிடும். அரை மணி நேரம் கொடுங்கள். கால் நீண்டும் பிடிக்கத் தெம்பில்லாமல், தொட்டால் மிக மெதுவாகச் சுருங்கினால் அவசரம்.

முதலில் வெப்பமானி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நம் காம்பராக்களில் விடியற்காலை 12, 13 பாகைக்கு இறங்குவது சாதாரணம். ஹீற்றர் ஒன்று பழுதானால் விடிவதற்குள் தொட்டி 18க்கு வந்துவிடும். அதனால் 300 வோட்ஸ் ஹீற்றர் ஒன்றைவிட 150 வோட்ஸ் ஹீற்றர் இரண்டு நல்லது. ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும். ஒன்று நிற்காமல் ஓடினாலும் சங்குகள் வெந்துபோகாது. தொட்டியின் பின்பக்கம், பக்கவாட்டு, அடி மூன்றுக்கும் ரிஜிபோம் வைத்துவிடுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் நான் தொட்டியை இரண்டு கம்பளியால் சுற்றி, விறகடுப்பில் சுடவைத்த நீரைக் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி மிதக்கவிட்டேன். இரண்டு மணிக்கொரு தடவை மாற்றினேன். பெற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று விடாமல் ஓடியது. வெப்பம் 22க்குக் கீழே போகவில்லை, ஒன்றும் சாகவில்லை. குளிர்ந்துபோன தொட்டியை மீண்டும் சூடாக்கும்போது மணிக்கு ஒரு பாகை என்ற கணக்குக்கு மேல் போகாதீர்கள்.

வெப்பம் சரியாக இருக்கிறது, அமோனியாவும் இல்லை. அப்படியானால் செம்பைச் சந்தேகியுங்கள். மீனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவு செம்பு சங்கைக் கொன்றுவிடும். மீன் நோய்க்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. எனக்குக் கொழும்பில் ஒரு கடையில் "எல்லாவற்றுக்கும் நல்லது" என்று தந்த மருந்தில் அது இருந்தது. அந்த வாரம் இரண்டு சங்கு போயின. நான் லேபலை வாசித்திருக்க வேண்டும்.

மலையகத்துக்கு இன்னொரு வழியிலும் செம்பு வருகிறது. தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்குள் வந்தது முதல், மழைக்காலத்தில் அதற்குச் செம்பு மருந்து அடிப்பது தோட்டங்களில் வழக்கம். மலைச் சரிவிலிருந்து வரும் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மேலே மருந்து அடித்த நாட்களில் அதில் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நமக்குக் குளிக்க நல்ல தண்ணீர்தான், சங்குக்கு ஆகாது. மழை நீரைப் பிடிக்கலாமே என்றால் லயத்தின் தகரக் கூரையில் துத்தநாகம் பூசியிருக்கிறது, அதுவும் இவற்றுக்கு நஞ்சு. ஆர்.ஓ. முறையில் (அழுத்தம் கொடுத்து நுண்சவ்வு வழியே) வடித்த நீரைத் தவிர எதையும் நான் தொட்டியில் விடுவதில்லை.

சோதனையில் செம்பு தெரிந்தால் சங்கை உடனே வேறு நீருக்கு மாற்றுங்கள். தொட்டியில் பாதிக்கு மேல் நீரை மாற்றி, பில்டரில் புதிய கரி (பில்டருக்கென்று விற்கும் அக்டிவேற்றட் கார்பன்) போடுங்கள். கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துப் பிறகு மெல்ல விடும் என்பதால் ஒரு மாதத்துக்குச் சோதனையை நிறுத்த வேண்டாம்.

சாப்பிடுவதில்லை

சாப்பிடவில்லை என்று என்னிடம் சொல்பவர்களில் பாதிப் பேரின் சங்கு அப்போது சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். உயிருள்ள மட்டி ஒன்றைப் போடுகிறீர்கள். முள் சங்கு அதன்மேல் ஏறிக் காலால் அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல். அசைவில்லை. இதைப் பார்த்துப் பயந்து பிரித்தெடுப்பவர்கள் அதன் வேலையைக் கெடுக்கிறார்கள். காலில் உள்ள ஒரு சுரப்பி அமிலம் விட்டு ஓட்டை இளக்குகிறது. பிறகு நாக்குப் பல்லால் சுரண்டுகிறது. மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல். கல்லை அரைப்பது போல மெதுவான வேலை. துளை விழுந்ததும் மூக்கை உள்ளே விட்டுச் சதையைத் தின்னும்.

முடிந்தபின் அந்த ஓட்டை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிலாச் சங்கு போட்ட துளை வெளியே அகன்று உள்ளே ஒடுங்கியிருக்கும், ஆணித் தலை இறங்குவதற்குத் தச்சர் குடையும் குழி மாதிரி. முள் சங்கின் துளை அவ்வளவு சரிவில்லாமல் நேராக இறங்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உண்மையாகவே சாப்பிடவில்லை என்றால் வெப்பத்தைப் பாருங்கள். 22 பாகைக்குக் கீழே பசி குறைந்துவிடும். பிறகு தீனி. முள் சங்கு வெட்டிய இறால், கணவாய், மட்டிச் சதை எல்லாம் எடுக்கும். நிலாச் சங்குக்கு உயிருள்ள மட்டிதான் பிடிக்கும். மட்டியை ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்ந்த மூலையில் வைத்தால் இங்கே இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். மலைக்குளிர் நமக்கு உதவுவது இந்த ஓர் இடத்தில்தான். கருவாடு வேண்டாம். வாரம் இரண்டு தடவை போதும், இரவு வைத்ததைக் காலையில் மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பில்டரின் வெள்ளைப் பஞ்சில் ஊதாக் கறை, பூண்டு அழுகியது போல் நாற்றம்

பயப்பட வேண்டாம், இரத்தம் இல்லை. முள் சங்குக் குடும்பத்தின் சுரப்பு அது. வெளியே வரும்போது நிறமில்லாமலோ மஞ்சளாகவோ இருந்து, வெளிச்சமும் காற்றும் பட்டதும் ஊதாவாக மாறும். மத்தியதரைக் கடலோரத்தில் அரசர்களின் ஆடைக்கு ஊதாச் சாயம் எடுத்தது இந்தக் குடும்பத்துச் சங்குகளிலிருந்துதான். ஆனால் தொட்டியில் அது தெரிந்தால் சங்கை யாரோ தொந்தரவு செய்கிறார்கள். நண்டு கடிக்கலாம், மீன் கொத்தலாம், நாம் அடிக்கடி கையில் எடுக்கலாம். தொந்தரவை நிறுத்தி, கரியை மாற்றினால் போதும்.

ஓட்டின் நுனி வெளுத்துச் சுண்ணாம்பு போல் உதிர்கிறது

பி.எச். இறங்கியிருக்கிறது. பகலில் சோதித்தால் சரியாகக் காட்டும், விடியற்காலையில் சோதியுங்கள். எங்கள் வீட்டில் காலை ஐந்து மணிக்கு 7.7 காட்டியது. குளிருக்கு ஜன்னலைச் சாத்தி, அடுத்த அறையில் விறகடுப்பு எரிய, ஐந்து பேர் தூங்கும் வீட்டில் கரியமில வாயு சேரும். அது நீரில் கரைந்து பி.எச்.ஐ இறக்கும்.

உறுதிப்படுத்த ஒரு வழி: ஒரு போத்தல் தொட்டி நீரை இஸ்தோப்பில் வைத்து ஒரு மணி நேரம் காற்றுப் பம்பால் குமிழ் விடுங்கள். பி.எச். ஏறினால் குற்றம் அறைக்காற்றில் இருக்கிறது. காற்றுப் பம்பைக் கதவுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். எனக்கு அது ஒன்றே 8.0க்கு ஏற்றியது. ஏறாவிட்டால் கடலுப்புக் கலவையில் புதிய நீர் மாற்றுங்கள். ஏற்கெனவே உதிர்ந்த இடம் திரும்ப வளராது, வாயோரத்தில் வரும் புது ஓடு நன்றாக இருந்தால் சரி. மாற்றி எடுத்த உப்பு நீரை லீக்ஸ் பாத்தியிலோ கரட் பாத்தியிலோ ஊற்றிவிடாதீர்கள்.

சங்கு வேகமாக ஓடுகிறது

உள்ளே இருப்பது துறவி நண்டு. சங்கு எப்போதோ போய்விட்டது.

நீர் பால் போல் கலங்கி நாறுகிறது

எண்ணிப் பாருங்கள். ஒன்று குறையும். மணலைக் கையால் துழாவாமல் நீண்ட கரண்டியால் தேடி எடுத்துவிட்டு, பாதி நீரை அதே வெப்பம், அதே உப்புள்ள நீரால் மாற்றுங்கள். மறுநாளும் அமோனியா தெரிந்தால் மீண்டும் மாற்றுங்கள். அதுவரை யாருக்கும் தீனி கிடையாது.

கண்ணாடியில் சிறிய குப்பி குப்பியாக ஏதோ ஒட்டியிருக்கிறது

சுரண்டி எறிந்துவிடாதீர்கள்! அது முட்டைப் பை. முள் சங்கு அரிசியைவிடச் சற்றுப் பெரிய பைகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக நட்டு வைக்கும். கடலிலேயே இணை சேர்ந்து வந்த பெட்டை, தொட்டியில் தனியாக இருக்கும்போதும் இடும். நிலாச் சங்கு முட்டையை மணலோடு பிசைந்து, சட்டைக் கொலர் போல் வளைந்த ஒரு பட்டியாகச் செய்து விட்டுவிடும். அதைக் குப்பை என்று எடுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பை வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் உயிர் இருக்கலாம். ஊதாவாக மாறியது செத்துவிட்டது, அதை மட்டும் எடுங்கள். பெரும்பாலான இனங்களில் குஞ்சுகள் நீரில் மிதந்து நீந்தும் பருவத்தில் வெளிவரும், பில்டர் இழுத்துவிடும். வாய்க்கு மெல்லிய பஞ்சு கட்டினேன், அப்படியும் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் போன ஏப்ரலில் ஒரு காலை, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது ஒரு பைக்குள் புள்ளி புள்ளியாக இருபது முப்பது உயிர்கள் சுழன்றுகொண்டிருந்தன. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அரை மணி நேரம் நிறுத்தி வைத்து அதைக் காட்டினேன். வெளியே பனி இன்னும் விலகவில்லை, தேயிலைச் செடிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.